மனைக்கட்டு, தறிக்குழி, படுக்கை

1

எங்கள் தென்னேரியில், ஏரிக்கரைக்குக் கீழே இறங்கும் தெருவில், ஒரு வீட்டுத் திண்ணைச் சுவரில் அட்டை தொங்குகிறது: ‘வீடு வாடகைக்கு. குடும்பத்தினருக்கு மட்டும்.’ வாலாஜாபாத்திலிருந்து சுங்குவார்சத்திரம் போகும் சாலையில் இருக்கிற ஊர் இது. திரையன் ஏரிதான் தென்னேரி ஆயிற்று என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமை ஒருபக்கம் இருக்க, இன்று இந்த ஊரின் விடியலைத் தீர்மானிப்பது ஏரியும் அல்ல, கோயில் மணியும் அல்ல; கம்பெனி பஸ்தான். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்டு மாறுகிற நேரத்துக்கு ஏற்ப ஊர் விழிக்கிறது, தூங்குகிறது.

திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர், ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி, அறை தேடி என்னிடம் வந்தார். கூடவே நாலு வீடு ஏறி இறங்கினேன். நாலு வீட்டிலும் வாடகை பற்றிய பேச்சு கடைசியில்தான் வந்தது. அதற்கு முன்னால் மூன்று கேள்விகள். ‘எந்த ஊரு?’ ‘ஊர்ல எந்தத் தெரு?’ ‘கம்பெனில பெர்மனென்டா?’ முதல் கேள்வி சம்பிரதாயம். இரண்டாவது கேள்வி சாதி. மூன்றாவது கேள்வி வர்க்கம். திரும்பி வரும்போது அவர் சொன்னார்: ‘வாடகைகூட எப்பிடியாச்சும் குடுத்துடலாம் சார். இவங்க கேக்கறதுக்குப் பதில்தான் குடுக்க முடியல.’

வீட்டுப் பிரச்சினை பற்றி நம்மிடையே நடக்கும் பேச்சு முழுவதும் விலை பற்றிய பேச்சாகவே இருக்கிறது. சதுர அடி என்ன விலை, வட்டி எத்தனை சதவீதம், மாதத் தவணை கட்டுப்படியாகுமா என்பதற்குள்ளேயே அது சுற்றிச் சுற்றி வருகிறது. அரசு ஆவணங்களும் ‘மலிவு விலை வீடு’ என்றே பேசுகின்றன. விலை முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் விலையைப் பற்றி மட்டுமே பேசுகிற இந்தச் சொல்லாடல் வேறொன்றை மறைக்கிறது. கூலிக்காரனின் கூரை யார் கையில் இருக்கிறதோ, அவன் உழைப்பும் அவர் கையில் இருக்கும் என்பதே அது. இந்தச் செங்கல்பட்டு மண்ணில் இது மூன்று முறை நடந்திருக்கிறது: முதலில் மனைக்கட்டாக, பிறகு தறிக்குழியாக, இப்போது படுக்கையாக. இக்கட்டுரை பேச முயல்வது அந்தத் தொடர்ச்சியை.

2

தொடங்குவதற்கு முன் நம் கலாச்சார நினைவில் இருக்கிற ஒரு பிரதியைத் தொட்டுவிட வேண்டும். பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதால் சொந்த வீடு கட்டக் கிளம்பும் சுதா; தாத்தா பெயரில் உள்ள மனை; கடன்; ஏமாற்றும் காண்டிராக்டர்; கடைசியில் அந்த மனை குடிநீர் வாரியம் கையகப்படுத்தியது என்ற இடி. தமிழில் வீட்டுப் பிரச்சினை என்றாலே இந்தப் படத்தை நினைவுகூர்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. தேசிய விருதுகள் அதற்குத் தகுதியானவை. சொக்கலிங்க பாகவதரின் முகத்தை யாரும் மறக்க மாட்டோம்.

ஆனாலும் இன்று மறுபடி பார்க்கையில் ஒன்று உறுத்துகிறது. அந்தத் துக்கம் உடைமையாளரின் துக்கம். மனை இருந்தது, வீடு பாதி எழுந்தது, பறிபோனது, ஆகவே அழுகிறோம். அதே படத்தில் மங்கம்மா என்ற சித்தாள் வருகிறாள். கல் சுமப்பவள். காண்டிராக்டரின் திருட்டை வெளியே கொண்டுவருபவளும் அவள்தான். அந்த மங்கம்மா ராத்திரி எங்கே படுக்கிறாள்? அவள் குடிசைக்கு யார் பட்டா தருவார்கள்? இது படத்தின் கேள்வி அல்ல. படத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. சுதாவுக்காக அழுத நம் அழுகை மங்கம்மா வரை போகவில்லை என்பதைச் சொல்கிறேன். மத்தியதர வர்க்கம் வீட்டை எப்போதும் சொத்தாகவே கற்பனை செய்கிறது. அதனால்தான் சொத்து கிடைக்க வழியே இல்லாதவர்களின் வீட்டுப் பிரச்சினை நம் இலக்கியத்திலும் சினிமாவிலும் ஓர் ஓரமாகவே நின்றுவிடுகிறது. மங்கம்மாக்களின் கதையைத் தேட வேறு ஆவணங்களைத்தான் புரட்ட வேண்டும்.

3

அந்த ஆவணங்களில் முதலாவது இந்த மாவட்டத்திலேயே எழுதப்பட்டது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமன்ஹீர், இங்குள்ள பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் பிறந்த அரசாணையிலிருந்துதான் நாம் ‘பஞ்சமி நிலம்’ என்று சொல்வது தொடங்குகிறது. பஞ்சமி நிலத்தைப் பற்றி நிறையவே பேசியிருக்கிறோம். 1994 அக்டோபரில் காரணை நிலப் போராட்டத்தின்போது ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்ததும் அதற்காகத்தான். ஆனால் டிரமன்ஹீர் விளைநிலத்தைப் பற்றி மட்டும் எழுதவில்லை. மனைக்கட்டைப் பற்றியும் எழுதினார். சேரியின் குடிசைகள் நிற்கிற மண்கூட மிராசுதாரர்களின் பிடியில் இருந்தது. கூலி கூடக் கேட்டாலோ, வேறு வேலைக்குப் போனாலோ, பாதிரியாரிடம் பேச்சு வைத்துக்கொண்டாலோ ‘குடிசையைப் பிரி’ என்று சொன்னால் போதும். அடிக்க வேண்டியதுகூட இல்லை. உழைப்பைக் கட்டிப்போட்ட கயிறு குடிசையின் மூங்கிலில்தான் முடிச்சிடப்பட்டிருந்தது.

இதை உணர்ந்துகொள்ளத் தமிழக அரசுக்கு மேலும் எழுபது, எண்பது வருஷம் பிடித்தது. 1961இல் குடியிருப்போரை வெளியேற்றுவதிலிருந்து பாதுகாக்கும் சட்டம் வந்தது. 1971இல் அதைவிட ஒரு படி மேலே போய், நிலச்சொந்தக்காரனின் மண்ணில் குடிசை போட்டிருக்கும் விவசாயக் கூலிக்கே அந்தக் குடியிருப்பைச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது. இரண்டுக்கும் நடுவே, 1968 டிசம்பர் 25இல், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தச் சட்டங்களைப் படிக்க வேண்டும். சட்டம் எல்லா ஊரிலும் நடைமுறைக்கு வந்ததா, பட்டா கைக்கு வந்ததா என்பது வேறு விவாதம். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் அடிப்படை ஒப்புதல். வேலை கொடுப்பவனும் வீட்டைக் கொடுப்பவனும் ஒரே ஆளாக இருந்தால் அங்கே சுதந்திரம் இல்லை என்பதை இந்த அரசு எழுத்தில் ஏற்றுக்கொண்டது. 1872இல் எங்கெல்ஸ் ஜெர்மன் பத்திரிகையில் எழுதிய வீட்டுப் பிரச்சினைக் கட்டுரைகளின் ஒரு முக்கியமான வாதமும் இதுதான். ஆலை முதலாளியே தொழிலாளிக்கு வீடும் கொடுத்தால், வேலைநிறுத்தம் செய்கிறவன் அன்றைக்கே தெருவில் நிற்பான். ஜெர்மனியில் ஆலையைப் பார்த்து எழுதியதும், செங்கல்பட்டில் சேரியைப் பார்த்து எழுதியதும், இருபது வருஷ இடைவெளியில், ஏறக்குறைய ஒரே விஷயத்தைச் சொல்கின்றன.

4

நெசவாளியின் வீடு இதிலிருந்து வேறுபட்டது என்று நினைக்கிறோம். காஞ்சிபுரத்துப் பட்டுத் தறி ஓடுகிற வீடு, குடும்பமே சேர்ந்து செய்கிற தொழில், சொந்த நேரம் என்று ஒரு சித்திரம் நம்மிடம் இருக்கிறது. பட்டுக்கடைக்காரர்களின் விளம்பரம் உருவாக்கிய சித்திரம் அது. என் தாத்தா கூலிக்கு நெய்தவர். அந்த வீட்டில் வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன்: அது தறிக்குள் இருந்த வீடு. நடுக்கூடத்தில் குழித்தறி. பண்ணையும் அச்சும் ஜக்கார்டு பெட்டியும் போக மிச்சமிருந்த இடத்தில்தான் சமையல், படுக்கை, பிரசவம், சாவு எல்லாம். மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஏறினால் வேலை நிற்கும். வேலை நின்றால் கூலி நிற்கும்.

தறி சொந்தம், வீடு சொந்தம் என்றாலும் பட்டும் ஜரிகையும் முதலாளியுடையவை. கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் வாங்கிய முன்பணமும் அவருடையது. முன்பணம் தீராமல் வேறு முதலாளிக்கு நெய்ய முடியாது. கோர்வைப் புடவைக்கு மறுபக்கத்திலிருந்து நாடா எறிய ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பல வீடுகளில் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டிய பையனாக இருந்தான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. ஆனாலும் முன்பணத்துக்குப் பிள்ளையைத் தறியில் உட்கார வைப்பது அதற்கப்புறமும் வெகுகாலம் நடந்தது. வீட்டுக்குள்ளேயே தொழிற்சாலை இருந்ததால் தொழிற்சாலை ஆய்வாளர் உள்ளே வரவில்லை. ‘வீடு’ என்கிற சொல்லே சுரண்டலுக்குத் திரைச்சீலை ஆயிற்று.

சொந்த வீடு இல்லாத நெசவாளியின் கதை இன்னும் மோசம். வாடகை வீட்டில் தரையைத் தோண்ட எந்தச் சொந்தக்காரர் சம்மதிப்பார்? ‘குழி தோண்டறதா இருந்தா வேற எடம் பாத்துக்குங்க’ என்பதுதான் பதில். வீடு மாறினால் தறியைக் கழற்ற வேண்டும், குழியை மூட வேண்டும், புது இடத்தில் மறுபடி தோண்ட வேண்டும். மற்றவர்களுக்கு வாடகை உயர்வு என்பது கூடுதல் செலவு. நெசவாளிக்கு அது தொழிலின் முடிவு. தறியைப் பிரித்துப்போட்டு நெசவாளி வீட்டுப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறியதற்குக் கூலி மட்டும் காரணமில்லை, குழி தோண்ட ஒரு தரை இல்லாததும் காரணம். ஆகவே, பழைய நெசவு வீட்டை நினைத்து ஏங்குகிறவர்களோடு நான் சேர முடியாது. அந்த வீட்டிலிருந்து வெளியேறியவர்களுக்கு வெளியே என்ன காத்திருந்தது என்பதைப் பார்க்கலாம்.

5

1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்ததிலிருந்து இந்தப் பகுதியின் கதை வேறானது. 2006இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் ஆலையைத் திறந்தது, 2014இல் மூடிவிட்டுப் போனது. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இந்த வட்டாரத்தில் அவர்கள் இத்தனை வருஷம் இருந்ததற்கான அடையாளம் ஒன்றுகூட மிச்சமில்லை: ஒரு தெருப்பெயர் இல்லை, ஒரு குடும்ப அட்டை இல்லை. அவர்கள் இங்கே குடியிருக்கவில்லை, தங்கியிருந்தார்கள். ‘குடியிருத்தல்’, ‘தங்குதல்’ என்ற இரண்டு சொற்களுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் விஷயம் இருக்கிறது. குடியிருப்பவன் குடி; ஊரின்மேல் அவனுக்கு ஒரு பாத்தியதை உண்டு. தங்குபவன் வழிப்போக்கன்.

2021 டிசம்பரில் இந்த வித்தியாசம் ரோட்டுக்கு வந்தது. ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் பாகங்களைப் பொருத்தும் பெண்கள் பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் சாப்பிட்ட சாப்பாட்டால் கூட்டமாக நோயில் விழுந்தார்கள். 159 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். சில தோழிகள் இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவியது. 17ஆம் தேதி இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள், மறுநாள் வரை எழுந்திருக்கவில்லை. யாரும் இறக்கவில்லை, வதந்திதான். ஆனால் அந்த வதந்தியை ஆயிரக்கணக்கானோர் ஏன் நம்பினார்கள்? பக்கத்துக் கட்டிலில் படுத்தவள் எங்கே கொண்டுபோகப்பட்டாள் என்று கேட்க ஆளில்லாத, சொல்ல ஆளில்லாத இடத்தில் அவர்கள் வாழ்ந்ததால். ஓர் அறையில் 6 பேரிலிருந்து 30 பேர் வரை அடைக்கப்பட்டிருந்தார்கள், தரையில் படுத்தார்கள் என்ற செய்திகள் அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தன. தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்தப் பெண்கள் கேட்டது மரியாதை. அரசும் மூலதனமும் அதை வேறொரு மொழிக்கு மொழிபெயர்த்தன. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகால் சிப்காட்டில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் திறந்து வைத்த பெருங்குடியிருப்பு அந்த மொழிபெயர்ப்பு. 20 ஏக்கர், 13 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 10 மாடி, அறைக்கு 6 பேர், மொத்தம் 18,720 ‘படுக்கைகள்’, செலவு 706.50 கோடி ரூபாய். ஃபாக்ஸ்கான் தலைவரும் விழாவுக்கு வந்திருந்தார். முந்தைய இருட்டறைகளோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அலகைக் கவனியுங்கள். வீடு எத்தனை என்று எண்ணவில்லை, ஆள் எத்தனை என்று எண்ணவில்லை, படுக்கை எத்தனை என்று எண்ணுகிறார்கள். ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் எண்ணுவார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 706.50 கோடியை 18,720ஆல் வகுத்தால் ஒரு படுக்கைக்குச் சுமார் 3,77,000 ரூபாய் வருகிறது. அதே 2024இல் அதே அரசு அறிவித்த ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் ஒரு முழு வீட்டுக்கு, 360 சதுர அடிக்கு, ஒதுக்கியது 3,50,000 ரூபாய். பத்து மாடிக் கட்டடத்தின் செலவும் தரைவீட்டின் செலவும் ஒன்றல்ல, பொதுக்கூடங்களும் சேர்ந்த கணக்கு அது என்பது எனக்குத் தெரியும். அதையெல்லாம் தள்ளிவிட்டாலும் ஒன்று மிஞ்சுகிறது. பணம் இல்லாததால் தொழிலாளிக்கு வீடு இல்லை என்ற வாதம் பொய். அறைக்கு ஆறு பேர் என்றால் ஓர் அறைக்கு 22 லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. பணம் இருந்தது. கட்டப்பட்டது வீடாக இருக்கக்கூடாது என்பது ஒரு தேர்வு. சொந்தமாக மனைப்பட்டா உள்ளவனுக்கு வீடு, பட்டா இல்லாதவளுக்குப் படுக்கை.

ஏன் இந்தத் தேர்வு? 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தியை வெளியிட்டது: திருமணமான பெண்களை ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் வேலைக்கு எடுப்பதில்லை என்று. நிறுவனம் பாகுபாட்டை மறுத்தது. ஒன்றிய அரசு மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. உண்மை எதுவாகவும் இருக்கட்டும், விண்ணப்பப் படிவத்தில் எழுதாததைக் கட்டடம் எழுதி வைத்திருக்கிறது. ஆறு கட்டில் போட்ட அறையில் தொட்டில் கட்ட இடமில்லை. வயசான அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள இடமில்லை. மூலதனத்துக்குத் தேவை இருபது வயசின் கண்பார்வையும் விரல் வேகமும், அதுவும் சில வருஷத்துக்கு. அதற்குமேல் அந்த உடம்புக்கு வரும் கல்யாணம், பிள்ளை, முதுகுவலி எல்லாவற்றையும் திருவண்ணாமலையிலும் விழுப்புரத்திலும் உள்ள ஏதோ ஒரு கிராமத்து வீடு ஏற்றுக்கொள்ளும். அதாவது ஐபோனின் விலையில் சேராத ஒரு செலவை அந்தக் கிராமத்துக் குடிசை சுமக்கிறது. சீனத்து ஷென்ஜென் நகரத்து ஆலைகளைப் பற்றி எழுதிய புன் ஙாய் போன்ற ஆய்வாளர்கள் இதை ‘விடுதி உழைப்பு முறை’ என்று அழைக்கிறார்கள். 2010இல் அங்கே ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் மாடியிலிருந்து குதித்துச் செத்தபோது நிர்வாகம் கட்டடத்தைச் சுற்றி வலை கட்டியது. நமக்குச் சீனம் வரை போக வேண்டியதும் இல்லை. கோவை, திருப்பூர், திண்டுக்கல் நூற்பாலைகளின் ‘சுமங்கலித் திட்டம்’ இதன் உள்ளூர் அண்ணன்தான். மூன்று வருஷம் விடுதியில் அடைத்து, முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை.

6

இங்கே ஒரு ஆட்சேபம் எழும், எழ வேண்டும். ஃபூக்கோவைப் படித்துவிட்டு விடுதியில் கண்காணிப்பைத் தேடுவது நம்மைப் போன்றவர்களுக்குச் சுலபம். அங்கே இருக்கிற பெண் என்ன சொல்கிறாள்? எனக்குத் தெரிந்த ஒரு பெண், விடுதியில் இரண்டு வருஷம் இருந்தவள், என் முகத்துக்கு நேரே சொன்னாள்: ‘எங்க வூட்ல எனக்குன்னு ஒரு மூலகூட கெடையாது அண்ணா. இங்க ஒரு கட்டிலு, ஒரு பீரோ, என் பூட்டு, என் சாவி. நீங்க அத ஜெயில்னு எழுதிடாதீங்க.’ அவள் சொன்னது எனக்கு உறைத்தது. அப்பா, அண்ணன், ஊர், சாதி எல்லாம் சேர்ந்து ‘வீடு’ என்ற பெயரில் ஒரு பெண்ணுக்குத் தருவது என்ன என்று யோசிக்காமல் வீட்டைப் புனிதப்படுத்துவது ஆண் மனசு. விடுதி என்று ஒன்று இருப்பதால்தான் பல பெண்களுக்கு ஊரைவிட்டுக் கிளம்ப அனுமதியே கிடைத்தது. 2021இல் அத்தனை பேர் ஒரே ராத்திரியில் ரோட்டுக்கு வர முடிந்ததும் ஒரே கூரையின் கீழ் படுத்ததால்தான். கட்டுப்படுத்தக் கட்டிய இடம் கூடிப் பேசுகிற இடமாகவும் ஆகிவிடுகிறது.

ஆகவே, என் கேள்வி விடுதி வேண்டுமா வேண்டாமா என்பது அல்ல. அவள் பெருமையோடு சொன்ன அந்தச் சாவி வேலை போன அன்றைக்கு யாரிடம் போகும் என்பது. இந்தக் கேள்விக்குத் தமிழர்களுக்கு ஏற்கெனவே ஓர் அனுபவப் பாடம் இருக்கிறது. இலங்கை மலையகத் தோட்டங்களின் லயன் அறைகள். 2023இல் ‘மலையகம் 200’ என்று அந்த மக்கள் தங்கள் வருகையின் இருநூறாண்டை நினைவுகூர்ந்தபோதும் முன்னால் நின்ற கோரிக்கைகளில் ஒன்று காணியும் வீடும்தான். தலைமுறைகளாகக் குடியிருந்தும் அறை தோட்டத்தின் சொத்து. தோட்டத்தில் வேலை இருக்கும்வரை கூரை. தற்காலிகம் என்று போட்ட லயன் இரண்டு நூற்றாண்டு நிற்கும் என்பதை மலையகம் காட்டுகிறது.

நம் ஆட்சியாளர்கள் எந்தக் கட்சியானாலும் உதாரணம் காட்டுவது சிங்கப்பூரை. சரி, அதையே எடுத்துக்கொள்வோம். 1960இல் தொடங்கிய அதன் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில்தான் அங்குள்ளவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் வசிக்கிறார்கள். வீடு என்பதைச் சந்தையிடம் மட்டும் விட்டுவிடாமல் அரசே முன்நின்று தரமுடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் அதே ஊரில் அந்தக் கட்டடங்களைக் கட்டுகிற தமிழனும் வங்காளதேசத்தவனும் விடுதியில் கட்டில்மேல் கட்டில் போட்டுப் படுக்கிறான். 2020இல் கொரோனா வந்தபோது அந்நாட்டின் தொற்றுகளில் மிகப் பெரும்பாலானவை அந்த விடுதிகளில்தான் நிகழ்ந்தன. குடிமகனுக்கு வீடு, கூலிக்குப் படுக்கை: சிங்கப்பூரின் ரகசியம் இந்தப் பிரிவினை. அது வேற்று நாட்டாருக்கு வைத்த கோட்டை நாம் நம் சொந்த மாவட்டத்துப் பெண்களுக்கே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

7

விடுதிக்கு வெளியே, எங்கள் ஊர் போன்ற கிராமங்களில் அறை எடுத்து இருப்பவர்களின் கதை மறுபாதி. மூன்று பேர் இருக்க வேண்டிய அறையில் ஆறு பேர். பகல் ஷிப்டுக்காரன் எழுந்த பாயில் ராத்திரி ஷிப்டுக்காரன் படுக்கிறான். பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்ட பிறகு வயல்களின் நடுவே ‘டி.டி.சி.பி. அங்கீகாரம் பெற்ற மனைகள்’ என்ற பலகைகள் பெருகிவிட்டன. வாங்குகிறவர்கள் அங்கே வசிக்கப் போகிறவர்கள் அல்ல. கல் நட்டுவிட்டு, விலை ஏறும் என்று காத்திருப்பவர்கள். ஒருபக்கம் ஆளில்லாத மனைகள். மறுபக்கம் மனையில்லாத ஆட்கள். நடுவில் ஏகனாபுரம் போன்ற ஊர்களில் இருக்கிற வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள அந்த வருஷத்திலிருந்து போராட்டம். மூன்றும் ஒரே படத்தின் மூன்று மூலைகள்.

வாடகைக்கு வரம்பு கட்டும் வழக்கமும் போய்விட்டது. 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ‘நியாய வாடகை’ என்று ஒரு கருத்து இருந்தது. அந்தச் சட்டம் பெரும்பாலும் நகரங்களுக்கானது, கிராமத்தை எட்டவில்லை. இருந்தாலும் வாடகைக்கு ஒரு நியாயம் உண்டு, அதை முடிவு செய்ய ஓர் அதிகாரி உண்டு என்றாவது அது சொன்னது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் வாடகையை இருவரின் ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டது. வீட்டுக்காரரும் ஒப்பந்தத் தொழிலாளியும் சமமாக எதிரெதிரே உட்கார்ந்து பேரம் பேசுகிற காட்சியை அது கற்பனை செய்கிறது. எங்கள் தெருத் திண்ணையில் அந்தக் காட்சி எப்படி நடக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

இத்தனைக்கும் நடுவில் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை, சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்துக்கு அங்கீகாரம் முதல் கோரிக்கை. மாதம் சராசரி 25,000 ரூபாய் வாங்குகிறவர்கள் மூன்று வருஷத்தில் 36,000 ஆக்கச் சொன்னார்கள். பந்தலைப் போலீஸ் பிரித்த பிறகும் வெட்டவெளியில் உட்கார்ந்தார்கள். 37 நாள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. நிரந்தரத் தொழிலாளர்கள், பின்னால் சி.ஐ.டி.யு., ஒற்றுமை. இன்னொன்றையும் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். ஊரில் வீடோ வாடகைக்கு அறையோ வைத்திருக்கிறவன் ராத்திரி திரும்பிப் போகும் இடத்தின் சாவி கம்பெனியிடம் இருக்காது. வாடகை பாக்கி இருக்கலாம், வீட்டுக்காரர் முறைத்திருக்கலாம். ஆனால் முறைத்தவர் மேனேஜர் அல்ல. கம்பெனிக்கென்று கட்டிய கட்டிலில் படுப்பவள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ய முடியுமா? எங்கெல்ஸ் கேட்ட கேள்விதான்.

8

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு, செயல்படுகிற தோழர்களுக்கு, சிலவற்றை முன்வைக்கிறேன். அரசுப் பணத்தில் கட்டிய தொழிலாளர் விடுதி எந்தக் கம்பெனிக்கும் ஒதுக்கப்படக் கூடாது. அதன் நிர்வாகத்தில் குடியிருப்பவர்கள் தேர்ந்தெடுத்த குழு வேண்டும். வேலை போனாலும், கல்யாணமானாலும், வேலைநிறுத்தம் செய்தாலும் குறிப்பிட்ட மாதங்கள் அங்கேயே இருக்கும் உரிமை எழுத்தில் வேண்டும். கட்டிலுக்கு முகவரி வேண்டும்: அதை வைத்துக் குடும்ப அட்டை வாங்க, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முடிய வேண்டும். 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில் வீடு வீடாகப் படிவம் வந்தபோது, ‘வீடு’ இல்லாதவர்கள் எந்த ஊர்ப் பட்டியலில் நிற்பது என்று தவித்ததை நாம் பார்த்தோம். அடுத்து கட்டும் பத்து மாடியில் பாதியாவது குடும்பம் இருக்கும் வீடாக, நியாய வாடகைக்கு விடுவதாக இருக்க வேண்டும். சிப்காட்டுக்கு நிலம் எடுக்கும்போதே தொழிலாளர் குடியிருப்புக்கும் நிலம் ஒதுக்கினால் என்ன? தொழிற்சங்கங்களும் கூலி, போனஸ், அங்கீகாரம் என்ற பட்டியலில் கூரையையும் சேர்க்க வேண்டும். அது பெண்கள் பிரச்சினை, விடுதிப் பிரச்சினை என்று தள்ளி வைத்தது போதும்.

இவற்றில் எதுவும் புரட்சி அல்ல. 1971இல் இந்த மாநிலமே விவசாயக் கூலிக்காக ஒப்புக்கொண்ட ஒரு நியாயத்தை ஆலைக் கூலிக்கும் நீட்டச் சொல்வது, அவ்வளவுதான். அன்றைக்கு மிராசுதாரரின் மனைக்கட்டிலிருந்து தொழிலாளியின் கூரையைப் பிரித்தெடுக்கச் சட்டம் போட்ட அரசு, இன்றைக்கு வேலையையும் கூரையையும் மறுபடி ஒன்றாகச் சேர்த்துக் கட்டித் திறப்புவிழா நடத்துகிறது. நாம் கைதட்டுகிறோம்.

அந்தத் திருவண்ணாமலை இளைஞருக்குக் கடைசியில் இடம் கிடைத்தது. ஊருக்குள் அல்ல, காலனியில். எழுபதுகளில் கிடைத்த மனைப்பட்டாவில் ஒரு பாட்டி கட்டிய வீடு, பக்கவாட்டில் இழுத்த ஆஸ்பெஸ்டாஸ் சார்ப்பு, அதில் ஓர் அறை. பாட்டி எந்தத் தெரு என்று கேட்கவில்லை. பெர்மனென்டா என்றும் கேட்கவில்லை. ‘வேல போச்சுன்னா சொல்லு தம்பி, ஒரு ரெண்டு மாசம் பொறுத்துக்கறேன்’ என்றாராம். 706 கோடி ரூபாய்க் கட்டடத்தில் எந்த விதியிலும் எழுதப்பட வேண்டிய வாக்கியம் அது. அதைச் சொல்ல அந்தப் பாட்டியால் முடிந்ததற்குக் காரணம் அவர் நல்ல மனசு மட்டும் அல்ல. அவர் நிற்கிற மண்ணைப் பிடுங்க எந்த முதலாளியாலும் முடியாது என்பதும்தான்.